கூண்டு பாயின் இருபத்தாறாம் நோன்பு

புதுச்சேரியில் தாஜுதீன் என்று பெயர் சொல்லி விசாரித்தால் முல்லா வீதியிலேயே பத்துப் பேரைக் காட்டுவார்கள். கூண்டு பாய் என்று கேட்டுப் பாருங்கள், பெரிய மார்க்கெட்டில் வெற்றிலை விற்கிறவர்கூட வீட்டுக்கு வழி சொல்வார். கூண்டு என்றால் புகைக்கூண்டு. பழைய வீடுகளில் அடுப்பங்கரைச் சுவருக்கு உள்ளேயே மேலேறிப் போய் மொட்டை மாடியில் தலை நீட்டிக்கொண்டு நிற்குமே, அதுதான். அதைச் சுத்தம் பண்ணுவது, விரிசல் பார்ப்பது, காரை பூசுவது, எல்லாம் முடிந்ததும் "இனிமே அடுப்பு மூட்டலாம்" என்று சொல்வது, இவ்வளவும் அவருடைய வேலை. கரியும் தூசியும் யார் வேண்டுமானாலும் அள்ளலாம். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்வதற்குத்தான் ஆளைக் கூப்பிடுகிறார்கள்.

கேஸ் அடுப்பு வந்ததும் இந்த மனுஷன் பிழைப்பு படுத்திருக்கும் என்று நினைப்பவர்கள் இந்த ஊரைத் தெரியாதவர்கள். இரண்டாயிரம் பிறந்த பிறகுதான் அவருக்கு மூச்சுவிட நேரமில்லாமல் போனது. பழைய வீட்டை வாங்கி கெஸ்ட் ஹவுஸ் ஆக்குகிறவர்கள் ஒரு பக்கம். விறகில் சுட்டால்தான் ரொட்டி என்று சாதிக்கிற பேக்கரிக்காரர்கள் ஒரு பக்கம். போதாததற்கு, பதினோரு மாதம் பிரான்சில் இருந்துவிட்டு ஒரு மாதம் இங்கே வந்து, சின்ன வயதில் சாப்பிட்ட ருசி வேண்டும் என்று கேட்கிற பிள்ளைகள். இவர்கள் எல்லாருக்கும் கூண்டு பாய் வேண்டும்.

அவர் வேலை செய்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் இந்தக் கதை விளங்காது. முதலில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை அடுப்புக்கு உள்ளே சாய்த்து வைத்து, அதில் வானம் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரியாவிட்டால் புறாக்கூடோ, உதிர்ந்த செங்கல்லோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மாடியில் ஏறி, கயிற்றில் இரும்புக் குண்டையும் பனைநார்க் கட்டையும் கட்டி உள்ளே இறக்கிச் சுத்தம் செய்வார். பிறகு சோதனை. அடுப்பில் ஈரத் தேங்காய் நாரைக் கொளுத்திவிட்டு, மேலே கூண்டின் வாயை ஈரச்சாக்கால் மூடிவிடுவார். வெளியே போக வழியில்லாத புகை சுவருக்குள் சுற்றிச் சுற்றி வரும். எங்கே ஒரு நூல் விரிசல் இருந்தாலும் அங்கே கசியும். அப்போது ஜன்னல்களைச் சாத்திவிட்டு, அந்தச் சுவரை ஒட்டிய ஒவ்வொரு அறையிலும் போய் நின்று, மூச்சை ஆழமாக இழுத்து மோந்து பார்ப்பார்.

மூக்கு அப்படிப்பட்ட மூக்கு. முந்தின நாள் எந்த வீட்டில் என்ன மீன் பொரித்தார்கள் என்று தெருமுனையிலேயே சொல்லிவிடுவார். "இந்த மனுஷனுக்குத் தெரியாம ஒரு துண்டு கருவாடு வாங்கிச் சாப்பிட முடியல" என்று அவர் மனைவி சுரையா அலுத்துக்கொள்வாள். வீட்டுக்காரர்களிடம் அவர் எப்போதும் ஒன்று சொல்வார். சந்தேகமாக இருந்தால் வீட்டில் யார் வேண்டுமானாலும் கூட வந்து மோந்து பார்க்கலாம், சமைக்கிறவர்கள் மட்டும் வேண்டாம். முப்பது நாற்பது வருஷம் விறகுப் புகையில் நின்றவர்களுக்குப் புகை ஒரு வாசனையாகவே தெரியாது.

நோன்பு மாதத்தில் மட்டும் அவர் சோதனை வைத்துக்கொள்ள மாட்டார். வேண்டுமென்றே புகையை உள்ளே இழுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்று சின்ன வயதில் ஓதக் கற்ற இடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இருட்டில் மாடியேறிச் சாக்குப் போட்டு எடுப்பதும் ஆகாத வேலை. அதனால் அந்த முப்பது நாளும் சுத்தம் செய்வார், பூசுவார், சோதனையைப் பெருநாள் கழிந்து வைத்துக்கொள்வார். அதுவரை அடுப்பு மூட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். இருபத்தைந்து வருஷமாக யாரும் இதற்கு மறுப்புச் சொன்னதில்லை.

இரண்டாயிரத்து ஒன்று டிசம்பரில் மதாம் விர்ஜினி சொன்னார்.

மதாம் விர்ஜினிக்கு எழுபத்தாறு வயது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற கிளமான் என்பவரின் விதவை. டுமாஸ் வீதியில் பெரிய மாடிவீடு. மகன் ழான்-மரி குடும்பத்தோடு பிரான்சில் இருந்தான். ஏழு வருஷமாக வராதவன் இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று போன் செய்திருந்தான். பேத்தி அனைஸைப் பாட்டி இதுவரை போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் கிழவிக்குத் தலைகால் புரியவில்லை. பதினோரு வருஷமாகச் சாமான் அடைத்துக் கிடந்த பழைய அடுப்பங்கரையைத் திறந்து, கூண்டுக்குக் கீழே இருக்கிற பெரிய அடுப்பில்தான் கிறிஸ்துமஸ் கேக்கும் கறியும் ஆகவேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

தாஜுதீன் அந்த வீட்டில் அதுவரை வேலை செய்ததில்லை. நான்கு நாள் ஆனது. புறாக்கூடு மட்டுமே இரண்டு சாக்கு வந்தது. உள்ளே காரை பல இடத்தில் உதிர்ந்து கிடந்ததால் எட்டின மட்டும் புதிதாகப் பூசினார். அடுப்பங்கரைக்கு நேர் மேலே ஒரு அறை இருந்தது. கூண்டு அந்த அறைச் சுவருக்குள்ளேதான் ஏறிப் போயிற்று. அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தார். பாதிச் சுவரை மறைத்துக்கொண்டு ஆளுயரத்துக்கு மேல் ஒரு தேக்கு பீரோ நின்றது. நகர்த்த இரண்டு பேர் வேண்டும். எப்படியும் சோதனையில் தெரிந்துவிடப் போகிறது, இதை எதற்கு நகர்த்துவானேன் என்று விட்டுவிட்டார்.

புதன்கிழமை வேலை முடிந்தது. அன்றைக்கு இருபத்தாறாம் நோன்பு. அன்றிரவுதான் இருபத்தேழாம் இரவு, வருஷம் முழுக்கக் காத்திருக்கிற இரவு.

"பெருநாள் கழிச்சு வந்து சோதிச்சிட்டுச் சொல்றேன் மதாம். அதுவரைக்கும் நெருப்பு வேணாம்" என்றார்.

"பெருநாள் எப்போ?"

"திங்கக்கெழம. செவ்வாய் காலைல வந்துடறேன்."

"ஏன் பாய், புள்ளைங்க சனிக்கெழம வந்துடுறாங்க. அடுப்பு ஈரம் காயவே ரெண்டு நாள் ஆகும்னு நீங்கதான் சொன்னீங்க. அப்புறம் நான் எப்போ கேக் போடுறது? ஏழு வருஷம் கழிச்சு வர்றான். அடுத்த தடவ வர்றப்போ நான் இருப்பனோ என்னமோ." அந்த அம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு, "சோதிக்கத்தான வேணும்? இப்பவே சோதிச்சிடுங்களேன்" என்றார்.

தாஜுதீனும் மனுஷன்தானே. மறுக்க மனம் வரவில்லை. நோன்பை முறித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. அதுவும் இருபத்தாறாவதை. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் மாடியில் ஏறிச் சாக்கைப் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. சரி என்று நாரைக் கொளுத்தினார், மேலே ஏறிச் சாக்கைப் போட்டுவிட்டு இறங்கினார். முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றார். அப்போது எதிரில் வந்தவள் செல்வாம்பாள்.

செல்வாம்பாள் அந்த வீட்டுச் சமையல்காரி. நெல்லித்தோப்பில் மகள் வீடு. ஐம்பத்தெட்டு வயது. சாவு வீடு, கல்யாண வீடு என்று விறகு அடுப்பில் அண்டா அண்டாவாகச் சமைத்துவிட்டு, கால் வலி வந்த பிறகு மதாம் வீட்டோடு தங்கிவிட்டவள்.

"அக்கா, மேல போயி அந்த ரூம் கதவு ஜன்னலச் சாத்திக்கினு ரெண்டு நிமிஷம் நில்லு. புகை நாத்தம் வருதான்னு மோந்து பாத்துட்டு வந்து சொல்லு" என்றார் தாஜுதீன்.

"ஏன் பாய், நீங்க போவலியா?"

"நோன்பு."

"அடடே, ஆமாமில்ல" என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தாள். "ஒண்ணும் இல்ல பாய். நல்லாத்தான் இருக்குது."

அந்த நேரத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இவள் மூக்கை நம்பக்கூடாது என்று தோன்றியது. தோன்றாமல் இல்லை. மதாமைக் கூப்பிட்டு மேலே அனுப்பலாமா என்று ஒரு கணம் நினைத்தார். எழுபத்தாறு வயதுக்காரரைப் படியேறச் சொல்வதா என்று இன்னொரு கணம் நினைத்தார். அதற்குள் முதல் தூறல் விழுந்தது. ஓடிப்போய்ச் சாக்கை எடுத்தார். புகை குபுகுபுவென்று மேலே போயிற்று. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"மூட்டலாம் மதாம். புதுப்பூச்சு, அதனால விறகு வேணாம். ரெண்டு நாளைக்கு ராவும் பகலும் கரி போட்டு மெதுவா கனல விடுங்க" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தார். அன்றிரவு பள்ளிவாசலில் எல்லாரையும்விட அதிக நேரம் நின்று தொழுதவர் அவர்தான். நினைத்தால் வயிறு எரிகிறது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வெளியே வந்தபோது விறகுத்தொட்டி தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார். அந்த வீட்டுக்கு விறகும் கரியும் இறக்குகிறவர் அவர்தான்.

"பாய், சேதி தெரியுமா? மதாம் வூட்டு செல்வாம்பா போயிடுச்சு. காலைல ஆறு மணி ஆயும் எறங்கி வரலியாம். போயிப் பாத்தா கட்டை மாதிரி கெடந்துதாம். டாக்டர் வந்து பாத்துட்டு, தூக்கத்துலியே ஹார்ட் நின்னுபோச்சுன்னு சொல்லிட்டாரு. நேத்து சாயங்காலம்கூட ரெண்டு மூட்டை கரி எறக்கினேன். தலைய வலிக்குதுன்னு சொல்லிக்கினே வாங்கி வெச்சுது. பாவம்."

தாஜுதீன் கேட்டார்: "எங்க படுத்திருந்துச்சு?"

"மாடில. சமையக்கட்டுக்கு மேல ரூமு. பின்னாடி அது படுக்கற எடத்துல ஒழுகுதுன்னு மதாம்தான் ரெண்டு நாளா மேல படுக்கச் சொல்லியிருக்காங்க. புள்ளைங்களுக்குன்னு சுத்தம் பண்ணி வெச்ச ரூமு, அதுல இது போயி..."

அதற்கு மேல் தணிகாசலம் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை. சைக்கிளை எடுக்கக்கூடத் தோன்றாமல் டுமாஸ் வீதி வரைக்கும் மழையில் நடந்தே போனார். உடம்பை நெல்லித்தோப்புக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மதாம் கூடத்தில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். அடுப்பில் கரி அணைந்து சாம்பலாகிக் கிடந்தது.

"மேல சுவத்துல ஈரம் எறங்குதான்னு பாத்துட்டு வர்றேன் மதாம்" என்றார்.

"பாருங்க பாய். நாளைக்குக் கொழந்த அங்கதான் படுக்கப்போவுது."

இரண்டு பேர் வேண்டும் என்று அன்றைக்கு விட்டுவிட்ட பீரோவை இன்று ஒற்றை ஆளாக நகர்த்தினார். அந்த வேகம் எங்கிருந்து வந்ததோ. பின்னால், அவர் நெஞ்சு உயரத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டமான தகர மூடி. எந்தக் காலத்திலோ அந்த அறையில் ஒரு சின்ன அடுப்பு வைத்து, அதன் குழாயைக் கூண்டுக்குள் விட்டிருந்திருக்கிறார்கள். அடுப்பை எடுத்தவர்கள் ஓட்டையைச் செங்கல் வைத்து அடைக்காமல், தகரத்தைச் சொருகி வெள்ளையடித்துவிட்டார்கள். தகரம் துருப்பிடித்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பிலிருந்து சுவரில் மேல்நோக்கிப் புதிய கறுப்பு படிந்திருந்தது. அது புதன்கிழமை அவர் மூட்டிய நார்ப்புகை. இரண்டு நிமிஷம் அந்த அறையில் நின்றிருந்தால் அவர் மூக்குக்கு அது அடித்துச் சொல்லியிருக்கும்.

கரி கனலும்போது கிளம்புகிற விஷக்காற்றுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கூண்டுக்குள் சூடு குறைவாக இருந்தால் அது மேலே ஏறாமல் கிடைத்த ஓட்டை வழியே வரும். மழைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தவளுக்கு முதல் ராத்திரி தலைவலி கொடுத்தது. இரண்டாம் ராத்திரி ஆளையே கொண்டுபோய்விட்டது. கரி போட்டு இரண்டு நாள் கனல விடுங்கள் என்று சொன்னதும் அவர்தான். தலையில் கை வைத்துக்கொண்டு அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர் எழுந்து என்ன செய்தார் என்பதுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடிக்காத இடம். நேராகக் கீழே போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டார். போலீஸுக்குப் பயந்தார். இனி எந்த வீட்டிலும் கூப்பிட மாட்டார்கள் என்று பயந்தார். அதைவிட, நோன்பு என்று சொல்லி ஒரு பாய் ஒரு பொம்பளையைச் சாகவிட்டான் என்று ஊர் பேசும் என்று பயந்தார். அந்த மாதம் பேப்பரைப் பிரித்தால் குண்டும் துப்பாக்கியுமாக இருந்தது, பாய் என்ற சொல்லுக்கு நல்ல சேதியாக ஒன்றும் வரவில்லை. எல்லாம் உண்மையான பயம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அவர் செய்தது தப்பு. பின்கட்டில் மீந்திருந்த சிமெண்டையும் செங்கல்லையும் எடுத்து வந்து, தகரத்தைப் பிடுங்கிவிட்டு ஓட்டையை அடைத்தார். கறுப்பைச் சுரண்டி எடுத்தார். பீரோவைப் பழைய இடத்துக்கே தள்ளினார்.

"என்ன பாய், சரியா இருக்கா?" என்றார் மதாம்.

"மழைத்தண்ணி கொஞ்சம் எறங்கி இருந்துச்சு. அடைச்சிட்டேன்."

குழந்தைக்கு இனி ஆபத்தில்லை, அது போதும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு நெல்லித்தோப்புக்குப் போனார். போகாமல் இருந்திருக்கலாம். அங்கே மகள் சின்னப்பாப்பா முழங்கால் தண்ணீர் தேங்கிய சந்தில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தலைதலையாக அடித்துக்கொண்டிருந்தாள்.

"போன் பண்ணியே, ஏம்மா போன் பண்ணியே! தலைய வலிக்குது, அந்த ரூம்ல என்னமோ பண்ணுது, வூட்டுக்கு வந்துடறேன்னு சொன்னியே! இந்தத் தண்ணில எங்க வருவ, அங்கியே படுத்துக்கன்னு சொன்னனே! நான்தான் ஒன்ன கொன்னேன்! நான்தான் கொன்னேன்!"

தாஜுதீன் மாலையை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

பெருநாள் வந்தது. சுரையா ஆசையாகச் செய்த பிரியாணி அவருக்கு மண்ணாக இறங்கியது. டுமாஸ் வீதியில் ழான்-மரி வந்து இறங்கினான், அடுப்பு எரிந்தது, கேக் ஆயிற்று. தாஜுதீன் தினமும் காலையில் ஒரு காரணமும் இல்லாமல் அந்த வீட்டைக் கடந்து சைக்கிளில் போவார். அனைஸ் என்ற அந்தக் குழந்தை வாசலில் ஓடுவதைப் பார்த்தால்தான் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். ஒருநாள் மதாம் அவரைப் பார்த்துக் கூப்பிட்டு, கேக் துண்டு ஒன்றைத் தாளில் மடித்துக் கொடுத்தார். "உங்க புண்ணியத்துல நல்லா வந்துது பாய்" என்றார். அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கடற்கரையில் காக்கைக்குப் போட்டார்.

நெல்லித்தோப்பிலிருந்து வருகிற சேதிகள்தான் அவரைத் தின்றன. சின்னப்பாப்பா சோறு தொடுவதில்லையாம். வேலை பார்த்த துணிக்கடைக்குப் போவதில்லையாம். ஏதோ சண்டையில் அவள் புருஷன் பாவாடை, "ஒங்கம்மாள அங்க படுக்கச் சொன்னவளே நீதான" என்று சொல்லிவிட்டானாம். அதிலிருந்து அவள் யாரோடும் பேசுவதில்லையாம். ஒருத்தன் செய்த தப்பை இன்னொருத்தி சுமந்து நடப்பதைப் பார்க்கிற கொடுமை இருக்கிறதே, அது அந்தத் தப்பைவிடப் பெரியது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனார். படையல் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில், பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் சின்னப்பாப்பா தனியாக நின்றிருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள்.

"பாப்பா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்கம்மா ஹார்ட்ல போவலம்மா. கரிக்காத்துல போச்சு. அந்த ரூமு செவுத்துல ஓட்டை இருந்துச்சு. நான் பாத்திருக்கணும். பாக்கல. நான் மேல போயி மோந்து பாக்கணும். நோன்புன்னு போவல. ஒங்கம்மாவ அனுப்பினேன். அது ஒண்ணும் இல்லன்னுச்சு. நானும் மூட்டலாம்னு சொல்லிட்டேன். நீ ஒண்ணும் பண்ணல பாப்பா. எல்லாம் நான் பண்ணது."

அவள் கத்தவில்லை. "எங்கம்மாவயா மோந்து பாக்கச் சொன்னீங்க?" என்றாள். "அடுப்புல சோறு தீஞ்சாக்கூட நாங்கதான் சொல்லணும் பாய் அதுக்கு."

"தெரியும்மா. சமைக்கறவங்க மூக்கு அப்படித்தான்னு எனக்குத் தெரியும்."

"ஓட்டை இருந்துது ஒங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

"வெள்ளிக்கெழமை. அன்னிக்கு மத்தியானமே போயி அடைச்சிட்டேன்."

"பொணம் இங்க கெடந்தப்பவா? அடைச்சிட்டுத்தான் மாலை போட வந்தீங்களா?"

"ஆமா."

"நான் அழுதது கேட்டீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சின்னப்பாப்பா கையிலிருந்த தவலையைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மா செத்தது தெரியாம நடந்துது பாய். சரி. தெரிஞ்சா நீங்க விட்டிருக்க மாட்டீங்க. இந்தப் பதினாறு நாளு? ஒவ்வொரு நாளும் நான்தான் கொன்னேன்னு நெனச்சுக்கினு எழுந்தனே, அது தெரிஞ்சுதான செஞ்சீங்க?"

அவள் அழுதாள். அம்மா செத்த பிறகு முதல்முறையாக அவள் தன்னைத் திட்டாமல் அழுதாள் என்று பாவாடை பிறகு யாரிடமோ சொன்னான். அழுது முடித்ததும், "மதாம்கிட்டயும் போயி சொல்லுங்க. சொல்லிட்டு அப்படியே போயிடுங்க. இங்க வராதீங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே போய்ச் சொன்னார். மதாம் விர்ஜினி ஜெபமாலையைக் கையில் இறுக்கிக்கொண்டு முழுவதையும் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. உள்ளே குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்டது. "டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. அடக்கம் ஆயிடுச்சு. என் புள்ள ஊருக்குப் போற நேரத்துல இதெல்லாம் வேணாம் பாய். இத எங்கியும் பேசாதீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார். போலீஸ் வரவில்லை. ஊர் ஒன்றும் பேசவில்லை. பொங்கல் கழிந்ததும் வழக்கம்போலக் கூண்டு பாய்க்கு ஆள்மேல் ஆள் வந்தது. எதற்கெல்லாம் பயந்தாரோ அதில் ஒன்றுகூட நடக்கவில்லை. நடந்திருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கடைசியில் பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்திடம் போய் உட்கார்ந்தார். ஹஜ்ரத் எல்லாம் கேட்டார். "அன்னிக்கு நீங்க நோன்ப முறிச்சிருந்தா, அதுக்குப் பதிலா ஒரு நாள், ஒரே ஒரு நாள் நோன்பு வெச்சிருந்தாப் போதும். உசுரைக் காப்பாத்த நோன்ப விடலாம்னு மார்க்கத்துலியே எடம் இருக்குது. வந்து கேட்டிருக்கக்கூடாதா தாஜுதீன்?" என்றார். பிறகு சொன்னார்: தெரியாமல் ஒரு உயிர் போக ஒருவன் காரணமாகிவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். அதோடு இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு வைக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் விட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஈட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளச் சின்னப்பாப்பா மறுத்துவிட்டாள். மிச்சம் இருந்தது நோன்பு. அறுபது நாள். வைத்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தார்.

பதினோராம் நாள் ஒரு பேக்கரியிலிருந்து ஆள் வந்தது. இப்போது அவர் யாரையும் மேலே அனுப்புவதில்லை. தானே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, புகை இருக்கிறதா என்று ஆழமாக இழுத்துப் பார்த்தார். நோன்பு போயிற்று. மறுநாள் முதலிலிருந்து. அடுத்த தடவை இருபதாம் நாள். அதற்கடுத்து எட்டாம் நாள். இரண்டு மாதம் வேலைக்குப் போகாமல் இருந்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அதையும் ஒரு வருஷம் செய்து பார்த்தார். அவர் வரவில்லை என்றதும் ஒரு கெஸ்ட் ஹவுஸ்காரர் யாரோ கொத்தனாரை வைத்துக் கூண்டைப் பார்த்து அடுப்பை மூட்டிவிட்டார். மேலே தங்கியிருந்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிழைத்துக்கொண்டார்கள். அந்தச் சேதி கேட்ட அன்றே தாஜுதீன் நோன்பை விட்டுவிட்டு அங்கே போய் நின்றார். அதன் பிறகு வருகிற ஆளை ஒருபோதும் திருப்பி அனுப்பியதில்லை.

இப்படி ஏழு வருஷம். இரண்டாயிரத்து எட்டில் ஒரு முறை, எப்படியோ ஆள் வராமல் நாட்கள் ஓடின. நாற்பது தாண்டியது. ஐம்பது தாண்டியது. சுரையா மூச்சைப் பிடித்துக்கொண்டு தினமும் நோன்புக் கஞ்சி காய்ச்சினாள். ஐம்பத்துமூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு போன். புதிதாகத் திறக்கிற ஒரு கெஸ்ட் ஹவுஸ். பேசியது சின்னப்பாப்பா. அம்மா செய்த வேலைக்கே வந்துவிட்டிருந்தாள்.

"பாய், இங்க கூண்டு பாக்கணும். முதலாளி வேற யாரையோ சொன்னாரு. நான்தான் ஒங்களச் சொன்னேன்." அதோடு சொன்னாள்: "மேல ரூம்ல வேலைக்கார பொண்ணுங்க ரெண்டு பேர் படுக்கறாங்க. நீங்களே மேல போயி மோந்து பாத்துட்டு வந்து சொல்லணும்."

"வர்றேம்மா" என்றார்.

கண்ணாடி வைத்துப் பார்த்தார். கயிறு இறக்கிச் சுத்தம் செய்தார். நாரைக் கொளுத்திச் சாக்கைப் போட்டார். மேலே போனார். அங்கே இருந்த அலமாரியை நகர்த்தினார், கட்டிலை நகர்த்தினார், கதவைச் சாத்திக்கொண்டு சுவரோடு சுவராக முகத்தை வைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். ஓரிடத்தில் லேசாக இருந்தது. அங்கே பூசிவிட்டு மறுபடி நாரைக் கொளுத்தி, மறுபடி இழுத்துப் பார்த்தார். இரண்டாம் முறை சுத்தமாக இருந்தது.

இறங்கி வந்து, "மூட்டலாம்மா" என்றார். சின்னப்பாப்பா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் நோன்பிருந்தது அவளுக்குத் தெரியாது, அவரும் சொல்லவில்லை. வாங்கிக் குடித்தார். கண்ணில் நீர் வந்ததைப் புகை என்று அவள் நினைத்திருக்கலாம்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து, கை கழுவிவிட்டு, "சோறு இருக்குதா?" என்று கேட்டார். கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்த சுரையாவுக்கு அந்தக் கேள்வியே போதுமாக இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏழே ஏழு நாளுதானேங்க இருந்துச்சு" என்றாள்.

"ஆமா" என்றார். "நாளையிலேருந்து ஒண்ணு."